என் குரலைச் சுருக்கிய வாரம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதில் வெட்கமும் இல்லை. ஆனால் நாட்குறிப்பு வைத்திருக்கிறேன் என்று சொன்னால்தான் ஆட்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எழுத்து தெரியாதவளுக்கு ஏது நாட்குறிப்பு? வாய் இருக்கிறதே. மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவியதும், கெலுகோரில் எங்கள் பிளாட் வீட்டின் பின்பக்கம், துணி காயப்போடும் மூங்கில்களுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். போனில் சிவப்புப் பொத்தானைத் தட்டிவிட்டு அன்றைக்கு நடந்ததைச் சொல்லுவேன். லிப்டு கெட்டுப்போய் எட்டு மாடி ஏறியது, கீழ்வீட்டுக்காரரின் மைனா என்னைப் பார்த்து மட்டும் கெட்ட வார்த்தை பேசுவது, யார் யாருடைய குப்பையை யார் வாசலில் வைத்தது, எல்லாம் உண்டு.

இப்போது இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் கணினியில் தட்டுகிறாள். நான் பேசுவது ஒரு மாதிரி. அவள் அதைப் புத்தகத் தமிழாக மாற்றித் தட்டுகிறாள். அவள் வைக்கும் சாம்பாரைப் பற்றி வரப்போகும் இடங்களில் அவள் விரல் மெதுவாகப் போவதை இப்போதே பார்க்கிறேன். சரியாகத்தான் தட்டுகிறாளா என்று பார்க்க எனக்கு வழியில்லை. போகட்டும்.

என் நாட்குறிப்புக்கு ஒரே ஒரு சட்டம். அதில் உண்மையை மட்டும்தான் சொல்ல வேண்டும். வெளியே நான் தேவைக்குத் தக்கபடி பொய் சொல்லுவேன். ஓசிக் காலண்டர் கேட்டு வருகிற பக்கத்து வீட்டாரிடம் தீர்ந்துவிட்டது என்பேன், அலமாரியில் நாலு இருக்கும். ஆனால் அந்தச் சிவப்புப் பொத்தான் எரியும்போது நாக்கில் பொய் வராது. ஒரு நாளில் ஒரு தடவையாவது உண்மை பேசிவிட்டால் மிச்ச நேரம் நிம்மதியாகப் பொய் சொல்லலாம் என்பது என் கணக்கு.

போன் நிறைந்துவிட்டால் மருமகள் ஒயரைச் செருகி எல்லாவற்றையும் வீட்டுக் கணினிக்குள் தள்ளிவிடுவாள். கணினி எங்கள் கூடத்தில், சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் குரல்கள் அங்கே போல்டர் என்கிற ஒரு மஞ்சள் உறைக்குள் வருஷக்கணக்கில் சேர்ந்து கிடந்தன. யாரும் திறந்து கேட்டதில்லை. யாருக்கு நேரம்?

அந்த உறைக்குள் கிடந்த ரகசியத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். வாரம் முழுக்க கேன்டீன் சோறு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவனுக்கு அம்மா வைக்கும் மீன் குழம்பு வேண்டும். அதைப் பற்றி வேலை இடத்தில் எல்லாரிடமும் பீற்றிக்கொள்வான். சில வருஷங்களுக்கு முன் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது என் நாக்கின் ருசியில் பாதியைக் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் நான் வைத்த முதல் குழம்பு எனக்கு நன்றாகத்தான் இருந்தது. மகன் ஒரு கவளம் வாயில் வைத்தான். முகம் ஒரு பக்கமாக இழுத்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் தட்டைக் காலி செய்து, தண்ணீர் மட்டும் நாலு டம்ளர் குடித்தான். அவன் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன். அவன் பேசாமல் சாப்பிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் எழுந்திருக்கும் முன்னால் பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். துறைமுகத்துப் பக்கம் சோறும் குழம்பும் விற்கிற ஒரு நாசி கண்டார் கடை இருக்கிறது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் அங்கேதான் சாப்பிடுவார். தூக்குச்சட்டியில் நாலு துண்டு மீனோடு குழம்பு வாங்கினேன். வீட்டுக்கு வந்து என் மண்சட்டியில் ஊற்றி, அடையாளம் தெரியாமல் இருக்கக் கொஞ்சம் தாளித்துக் கொட்டி, ஒரு கொதி விட்டேன். மகன் பத்து மணிக்கு எழுந்து வந்து, வாசனை பிடித்து, "அம்மா கை வந்திருச்சு" என்றான். அன்று பிடித்த பஸ்தான், ஒவ்வொரு ஞாயிறும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் எழும் முன் போய், எழும் முன் வந்துவிடுவேன். மருமகளிடம் கோயிலுக்கு என்று சொல்லியிருந்தேன்.

இது எல்லாமே என் நாட்குறிப்பில் இருந்தது. கடைக்காரர் எத்தனை கரண்டி ஊற்றினார் என்பது வரைக்கும்.

ஒரு திங்கட்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மகன் கணினி முன்னால் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் நாற்காலியைத் திருப்பினான்.

"அம்மா, கம்ப்யூட்டர் புல்லாயிருச்சு. எல்லாத்தையும் பாத்தா உன் பைலுங்கதான் அதிகம். தெனம் தெனம் என்னத்த பேசி வச்சிருக்க?"

"சாமி பாட்டுய்யா" என்றேன். சிவப்புப் பொத்தான் எரியவில்லையே.

"இவ்ளோ பாட்டா! சரி, சனிக்கெழம எனக்கு லீவு. உக்காந்து ஒவ்வொண்ணா கேக்குறேன். நல்லா பாடுனத வச்சிக்கிட்டு மத்தத அழிச்சிரலாம்."

எல்லாவற்றையும் இப்போதே அழித்துவிடு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது என் கையெழுத்து மாதிரி. இத்தனை வருஷத்தில் நான் எழுதிய ஒரே புத்தகம் அதுதான். அழிக்கவும் கூடாது, அவன் கேட்கவும் கூடாது. சனிக்கிழமைக்குள் அதை அந்தப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும்.

எங்கே எடுத்து வைப்பது? என்னிடம் ஒரு பல் இருந்தது. நிஜப் பல் இல்லை; என் நிஜப் பற்கள் போய் ரொம்ப நாளாகிறது. பக்கத்து கட்டடத்தில் புதிதாகப் பல் கிளினிக் திறந்தபோது இலவசமாகப் பல் பார்க்கிறார்கள் என்று கட்டுப்பல்லோடு போய் வாயைத் திறந்தேன். அந்த டாக்டர் பெண் சிரித்துவிட்டு, பல் மாதிரி செய்த ஒரு சாமானைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினாள். சாவி மாட்டுவது என்று நினைத்து வீட்டுக் கிரில் சாவியை அதில் கோத்து வைத்திருந்தேன். அது பென்டிரைவ் என்று மருமகள்தான் ஒருநாள் கண்டுபிடித்தாள்.

செவ்வாய்க்கிழமை பல்லைக் கழற்றி மருமகளிடம் கொடுத்தேன்.

"என் பாட்டெல்லாம் இதுல போட்டுக் குடும்மா. உம் புருசன் அழிக்கிறேங்கிறான்."

அவள் செருகிப் பார்த்தாள். "அத்தை, இது ரொம்ப சின்னதுலா. ஓசியில குடுத்ததுதானே. உங்க பைல்ல பாதிதான் ஏறும்."

"அமுக்கி ஏத்து."

"அமுக்குறதுக்கு வழி இருக்கு. ஜிப் பண்ணிப் பாக்கலாம்."

"நசுக்குனா ஒடையாதா?"

"ஒடையாது அத்தை. திரும்ப விரிச்சா ஒண்ணும் கொறையாம அப்படியே வரும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நசுக்கியது முழுசாகத் திரும்பி வருவதை நான் எந்தச் சமையலறையிலும் பார்த்ததில்லை. அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் சீனன் கடை காலண்டர் தொங்கியது. அதில்தான் நான் பசாரில் வாங்க வேண்டிய சாமான்களைக் குறித்து வைப்பேன். எழுத்து தெரியாது என்பதால் எல்லாம் என் சொந்தக் குறிகள். வெங்காயத்துக்கு ஒரு புள்ளி. தேங்காய்க்கு ஒரு வட்டம். ஆயுத பூசைக்கு உடைக்கிற பூசணிக்காய்க்குக் கொடி, இலை, காம்பு எல்லாம் போட்டு ஒரு முழுப் படம்.

"வெங்காயத்துக்கு ஏன் அத்தை வெறும் புள்ளி?"

"தெனம் வாங்குறதுக்கு யாரு படம் வரைஞ்சிக்கிட்டு இருப்பா? கை வலிக்காது?"

"பூசணிக்கு மட்டும் இவ்ளோ பெரிய படம்?"

"அது வருசத்துக்கு ஒரு வாட்டிதானே. மெதுவா வரைவேன்."

"அதேதான்லா அத்தை! கம்ப்யூட்டரும் அதத்தான் செய்யுது. அடிக்கடி வர்றதுக்கு சின்னதா ஒரு குறி. எப்பவாவது வர்றதுக்குப் பெரிய குறி. மொத்தத்துல எடம் கொறையும். ஆனா எந்த சாமானும் விட்டுப் போவாது. புள்ளியப் பாத்தா வெங்காயம்னு உங்களுக்குத் தெரியும்ல?"

நான் காலண்டரைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக ஒரு கணினி செய்கிற வேலையைச் சமையலறையில் நின்று செய்துகொண்டிருந்திருக்கிறேன், ஒருத்தரும் சொல்லவில்லை. அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழ்வீட்டு மைனாவிடம்கூடப் போய்ச் சொன்னேன். அது வழக்கமான பதிலைச் சொன்னது.

மறுநாள் காலை மருமகள் யுனிவர்சிட்டி ஆபீஸுக்குக் கிளம்பும் முன் எனக்குச் செய்முறை காட்டினாள். மஞ்சள் உறையின் மேல் அம்பை வைத்து, எலியின் வலது காதை அழுத்தினால் ஒரு பட்டியல் தொங்கும். மேலிருந்து ஐந்தாவது வரியைத் தட்ட வேண்டும். எனக்கு வரிகளைப் படிக்க வராது, எண்ண வரும். "அஞ்சாவது, அத்தை. மறந்துராதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மத்தியானம் தட்டினேன். பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்து ஊர்ந்து போனது. கடைசியில் அந்த உறைக்குப் பக்கத்திலேயே இன்னொரு மஞ்சள் உறை வந்து உட்கார்ந்தது, நடுவில் சிலுவார் கால்சட்டைக்கு இருக்கிற மாதிரி ஜிப்போடு. எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். பல்லைச் செருகி, ஜிப் உறையை அதற்குள் இழுத்துப் போட்டேன். முடியாது என்று சிவப்பாக ஏதோ வந்து நின்றது.

சரி, ஒரு தடவை அமுக்கியது போதவில்லை என்று நினைத்தேன். பாயை ஒரு மடிப்பு மடித்தால் பாதி, இன்னொரு மடிப்பு மடித்தால் கால் என்று ஆகிறது அல்லவா? ஜிப் உறையின் மேல் அம்பை வைத்தேன், வலது காது, ஐந்தாவது வரி. மறுபடி பச்சைக் கோடு போனது. புதிதாக ஓர் உறை வந்தது. பல்லுக்குள் போகவில்லை. இன்னும் அமுக்கினேன். ஐந்தாவது வரி, ஐந்தாவது வரி. சாயங்காலம் டீ போடும் வரைக்கும் அமுக்கினேன். அமுக்க அமுக்கத் திரையில் உறைகள் வரிசையாக வந்து நின்றன. கடைசியில் பச்சைக் கோடு பாதியிலேயே நின்று, கணினி ஒரு தடவை டொங் என்றது. அதற்கும் களைப்பாக இருக்கும் என்று நினைத்து அணைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி மகன் ஏதோ வேலைக் கடுதாசியைப் போட்டுவைக்கப் பார்த்தான். கணினி ஒரு எழுத்துகூட வாங்க மாட்டேன் என்றது.

"அலாமா! யாரு இத பண்ணது? ஒரே போல்டரு ஒம்போது வாட்டி இருக்கு!"

"எனக்கு என்னய்யா தெரியும், நான் படிக்காதவ" என்றேன். மழை வந்தால் குடை மாதிரி இது எனக்கு.

"சனிக்கெழம வரைக்கும் தாங்காதும்மா. வெள்ளிக்கெழம வேல விட்டு வந்த ஒடனே உக்காந்துர்றேன்."

என் கையிலிருந்து ஒரு நாள் போய்விட்டது. மருமகள் அடுப்படியிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தாள். நான் சாமி மேடையைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு வீட்டிலிருந்து வேலை. மகன் வாசலைத் தாண்டியதும் என்னை இழுத்துக் கணினி முன்னால் உட்கார வைத்தாள்.

"அத்தை, என்ன பண்ணீங்க?"

சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலிச் சக்கரம் நகர்ந்தது. சாதா உறைக்குத் தொங்குகிற பட்டியல் வேறு, ஜிப் உறைக்குத் தொங்குகிற பட்டியல் வேறாம். ஜிப் உறையில் ஐந்தாவது வரி சுருக்குவது இல்லை, விரிப்பது. நான் நாள் முழுக்க அமுக்குகிறேன் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் பாயை விரித்து விரித்து வீடு முழுக்கப் போட்டிருக்கிறேன்.

"அது போவட்டும். மொதல் வாட்டி ஒழுங்காதானே அமுக்குனேன்? அப்பவே ஏன் பல்லுக்குள்ள போவல?"

"உங்க போன் இருக்கே, அது நீங்க பேசும்போதே சுருக்கித்தான் வைக்குது. உங்க காலண்டர் புள்ளியக் காட்டி, இத இன்னும் சின்னதாக்குங்கன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"புள்ளிய விட சின்னதா என்னத்தப் போடுறது?"

"அதான் அத்தை."

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. புரிந்த சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் நின்றது. மகன் வர சாயங்காலம் வரைதான் நேரம்.

"இன்னொரு வழி இருக்கு" என்றாள். "ஆனா அதுல கொஞ்சத்தத் தூக்கி எறிஞ்சிரும். திரும்ப வராது. காது கவனிக்காத சத்தமாப் பாத்து எடுக்கும். ஒண்ணே ஒண்ண செஞ்சு காட்டுறேன், கேட்டுப் பாருங்க."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தட்டினாள். என் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம. கடையில கூட்டம். ரெண்டு கரண்டி மீன் கொழம்பு, நாலு துண்டு வாங்குனேன். பஸ்ல தூக்கு சாஞ்சி சீலையில ஊத்திருச்சி. மவன் எந்திரிக்கிறதுக்குள்ள சட்டியில ஊத்தி தாளிச்சிட்டேன். அம்மா கை, அம்மா கைன்னு திங்கிறான், பாவம். காய்ச்சலுக்கு அப்புறம் என் நாக்குக்கு உப்பும் தெரியல, புளியும் தெரியல. அத எப்படி அவங்கிட்ட சொல்றது..."

மருமகள் என் பக்கம் திரும்பவில்லை. எதுவும் நடக்காதது போல எதையோ தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, சுருக்கியதைப் போட்டுக் காட்டினாள். என் ரகசியம் மறுபடி முதலிலிருந்து கடைசி வரை கூடத்தில் ஓடியது. முதல் தடவை தெளிவாக. இரண்டாவது தடவை மூக்கடைத்துக்கொண்டு.

"இது என் கொரலா? சளி புடிச்ச வாத்து மாதிரி இருக்கு. வேணாம், வேணாம். எல்லாத்தையும் இப்படி பண்ணிராத."

"கொரல விடுங்க அத்தை." இப்போதுதான் திரும்பினாள். கண் பளபளவென்று இருந்தது. "உங்க நாக்குக்கு உப்பு தெரியாதா?"

"அது... கொஞ்சம்..."

"அஞ்சு வருசமா என் சாம்பார்ல உப்பு இல்ல, உப்பு இல்லன்னு சொல்றீங்களே, அது எந்த நாக்கு?"

அவள் அடுத்த பைலைத் தட்டினாள். அதில் நான் முதலில் ஒரு பெருமூச்சு விடுகிறேன், பிறகு சாம்பார். அடுத்ததிலும் பெருமூச்சு, சாம்பார். அதற்கடுத்ததில் லிப்டு. பிறகு பெருமூச்சு, சாம்பார்.

"நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றாள். "அவரும் இத கேக்க மாட்டாரு. ஆனா சாம்பாரு எல்லாத்தையும் அழிக்கணும்."

"எல்லாத்தையுமா? நாட்குறிப்புல உண்மைய அழிக்கக் கூடாதும்மா."

"உண்மையா? உங்க நாக்கா?"

நான் பேரம் பேசினேன். பசாரில் மீன்காரனிடம் பேசிப் பழகிய வாய். திரும்பத் திரும்ப வருவதற்குச் சின்னக் குறி போதும் என்று அவளே சொன்னாள் அல்லவா? ஒரு சாம்பாரை மட்டும் முழுசாக வைப்போம், மற்றதெல்லாம் 'அதே மாதிரி' என்று வைத்துக்கொள்வோம் என்றேன். எந்த ஒன்று என்பதில் அரை மணி நேரம் சண்டை. எனக்குத் தீபாவளிக்கு முந்தின நாள் சொன்னது வேண்டும்; அதில்தான் நான் நன்றாகப் பேசியிருந்தேன். அவளுக்கு ஒன்றுமே வேண்டாம். கடைசியில் சாம்பாரைத் திட்டிவிட்டு, ஆனாலும் பொங்கலுக்கு அவள் போட்ட கோலம் இந்த மாடியிலேயே அழகு என்று நான் சொல்லியிருந்த ஒன்று கிடைத்தது. அதை வைத்துக்கொள்ள இரண்டு பேரும் சம்மதித்தோம்.

முதல் மூச்சைக் கேட்டாலே போதும். பெருமூச்சு வந்தால் அவள் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போய்விடும். அவள் ஆபீஸ் போன் நாலு தடவை அடித்தது. "மீட்டிங்ல இருக்கேன்" என்றாள். பெண் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். நாலு மணிக்கு மேலே எல்லாம் முடிந்தது. மிச்சத்தைப் பல்லுக்குள் இழுத்துப் போட்டாள். பச்சைக் கோடு நிற்காமல் கடைசி வரை போனது. கணினியில் இருந்த உறைகளையெல்லாம் துடைத்தாள். என் நாட்குறிப்பில் பாதிக்கு மேல் வெறும் சாம்பாராக இருந்திருக்கிறது. எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம்தான்.

பல்லை முந்தானையில் முடிந்துகொண்டு, மகன் வந்ததும் டீ கொடுத்தேன். அவன் கணினியைத் திறந்தான்.

"அட, எவ்ளோ எடம்! அம்மா, உன் பாட்டெல்லாம் எங்க?"

"நாங்களே சுத்தம் பண்ணிட்டோம்" என்றாள் மருமகள் அடுப்படியிலிருந்து.

"இது ஒண்ணு மட்டும் வெளிய கெடக்கே" என்றான்.

மருமகளின் கையிலிருந்து கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. சோதனைக்காகச் சுருக்கிய அந்த ஒன்றை நாங்கள் உறைக்கு வெளியே போட்டு மறந்திருக்கிறோம். அவன் தட்டிவிட்டான். ஆனாலும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சுருக்கிய குரல் கெட்டுப்போன குரல், வாத்துக் குரல், அதில் ஒன்றும் விளங்காது என்று நினைத்தேன்.

ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. ரெண்டு கரண்டி, நாலு துண்டு, அம்மா கை, பாவம், உப்பு, புளி. என்ன தொலைந்துபோயிருந்தது தெரியுமா? வீட்டுக்குள் ஓடிய மின்விசிறியின் சத்தமும், கீழே மைனா கத்தியதும். காதுக்கு வேண்டாததைத்தான் எடுக்கும் என்று அவள் அத்தனை தெளிவாகச் சொல்லியிருந்தாள். ஒளித்து வைக்க வேண்டியதை மட்டும் அந்தப் பெட்டி பத்திரமாக எடுத்து வைத்திருந்தது.

மகன் நாற்காலியைத் திருப்பவில்லை.

"எத்தன வருசமாம்மா?"

"அஞ்சு" என்றேன். பொத்தான் எரியாமலே உண்மை வந்துவிட்டது.

அவன் எழுந்து குளிக்கப் போனான். சனிக்கிழமை கீழே போய்த் தன் காடியை, கார்தான், இரண்டு தடவை கழுவினான். மருமகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அன்று அவள் வைத்த சாம்பாரில் உப்பு இருந்ததா என்று நான் சொல்லப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் தூக்குச்சட்டியை எடுக்கவில்லை. இன்று என்ன வைப்பது, எந்த முகத்தோடு வைப்பது என்று அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். எட்டு மணிக்கு மகன் குளித்து, காடிச் சாவியோடு வந்து நின்றான்.

"கெளம்பும்மா. அந்தக் கடையக் காட்டு."

மூன்று பேரும் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா! தூக்கு எங்க? ஆளுங்களோட வந்திருக்கீங்க?" என்றார். மகன் ஒரு தட்டுச் சோறும் மீன் குழம்பும் வாங்கி என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கவளம். மூன்று கவளம்.

"இது இல்லம்மா."

"இதேதான்டா. அந்தச் சட்டியிலேருந்துதான்."

"இல்ல. நல்லாத்தான் இருக்கு. ஆனா வீட்டுல திங்கிறது இது இல்ல. என்ன பண்ணுற இதுக்கு?"

"ஒண்ணும் இல்ல. சின்ன வெங்காயம், கறிவேப்பில, கொஞ்சம் வெந்தயம் போட்டுத் தாளிப்பேன். நீ கண்டுபுடிச்சிரக் கூடாதுன்னு."

பக்கத்து மேசைக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் திரும்பினார். "தம்பி, அக்கா வாரா வாரம் கொற சொல்லாம வாங்கிட்டுப் போனதே இல்ல. வாசன பத்தல, வாசன பத்தலம்பாங்க. எங்க வாப்பா காலத்துலேருந்து இதே கொழம்பு, வேற யாரும் சொன்னதில்ல."

"சாம்பாரப் பத்தி கேட்டீங்கன்னா இன்னும் சொல்லுவாங்க அண்ணே" என்றாள் மருமகள்.

நாக்குப் போனாலும் மூக்குப் போகவில்லை போலிருக்கிறது. நானும் அதுவரை அதை யோசித்ததில்லை.

மகன் கையைக் கழுவிவிட்டு வரிசையில் போய் நின்றான். "அண்ணே, ரெண்டு கரண்டி மீன் கொழம்பு தாப்பாவ். வீட்டுக்குக் கொண்டு போறோம், அம்மா தாளிக்கணும்."

"நாலு கரண்டியா சொல்லுங்க" என்று மருமகள் இங்கிருந்தே கத்தினாள். "எங்கம்மா மத்தியானம் சாப்பிட வர்றாங்க."

சம்பந்தி அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமிலிருந்து பெர்ரி ஏறி, ஒரு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். மண்சட்டியை நடுவில் வைத்தேன். அவர் ஒரு தடவை ஊற்றிக்கொண்டார். இரண்டாவது தடவை கேட்டு ஊற்றிக்கொண்டார்.

"சம்பந்தி, எப்படித்தான் வைக்கிறீங்களோ. என்னென்ன போடுவீங்க, எனக்கும் சொல்லுங்களேன்."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் மகன் சட்டியை எடுத்து அவர் தட்டுப் பக்கம் சாய்த்தான்.

"இன்னும் ஊத்திக்குங்க அத்தை. விடியக்காலையிலயே எந்திரிச்சு, அம்மா தனியா நின்னு வச்சது."